உறிஞ்சியாருக்கு வைத்த மொய்

டீ குடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. டீ விற்று மாடி வீடு கட்டியவர்கள் உண்டு. டீயைத் துப்பி உலகப் புகழ் பெற்றவர் எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் குன்னூரில் எங்கள் சந்தில் குடியிருந்தார். உலகப் புகழ் என்பதை நம்பாதவர்கள் டொரண்டோவில் யாருக்காவது போன் போட்டு விசாரித்துக்கொள்ளலாம்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். சந்தில் எல்லோருக்கும் அவர் உறிஞ்சியார். முகத்துக்கு நேரே மட்டும் அண்ணன். ஏலத்துக்கு வரும் தேயிலைத் தூளை ருசி பார்த்துத் தரம் சொல்கிற ஒரு புரோக்கர் ஆபீசில் டேஸ்டராக இருந்தார். கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒரு கரண்டி எடுத்து, 'சர்ர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, பக்கத்துத் தொட்டியில் துப்புவது அவர் உத்தியோகம். அந்தச் 'சர்ர்ர்' சாமானியப்பட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி ஒருவர், மலை ரயில் புறப்பட்டுவிட்டது என்று நினைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறார்.

சங்கடம் என்னவென்றால், ஆபீஸ் வேலையை அவரால் ஆபீசோடு விட்டுவிட்டு வர முடியவில்லை. ரசத்தை உறிஞ்சினார். இருமல் மருந்தை உறிஞ்சினார். மாரியம்மன் கோயில் தீர்த்தத்தை உறிஞ்சியபோது பூசாரி அடுத்தவருக்குக் கொடுக்கப் பயந்துபோய் நின்றார். எங்கே போனாலும் கம்பி வைத்த பால்பவுடர் டின் ஒன்று அவர் கையில் தொங்கும். துப்புவதற்குத்தான்.

எதிர்வீட்டு சரோஜா டீச்சர் தன் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, பெரிய மனிதர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டுமே என்று இவரை அழைத்தார். அது டீச்சரின் கெட்ட நேரம். பெண் தட்டில் டீ கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வீட்டார் நாசூக்காக ஒரு வாய் குடித்தார்கள். உறிஞ்சியார் 'சர்ர்ர்' என்றார். மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். இவர் கண்ணை மூடி, இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றி உப்பவைத்து, மடியிலிருந்த டின்னில் துப்பிவிட்டு, சபையைப் பார்த்துச் சொன்னார்: "புள்ள மேல தப்பில்லீங்க. தூளு பழசு."

கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. டீச்சர் மட்டும் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். அந்தக் கல்யாணத்துக்கும் உறிஞ்சியாரும் அவர் மனைவி பாக்கியம் அக்காவும் போய், யாரும் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் சாப்பிட்டு, மொய் வைத்துவிட்டு வந்தார்கள். சந்தில் எந்த விசேஷத்தையும் அவர்கள் விட்டதில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் காதுகுத்து, சீர், கல்யாணம் என்று எதுவும் அந்த வீட்டில் நடந்ததில்லை. வைத்த மொய் திரும்பி வர வழியே இல்லாத வீடு அது. அதை அவர்கள் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் எழுந்திருக்க மனமில்லாமல் படுத்தேவிட்டது. பச்சைத் தேயிலைக்குக் கிடைத்தது பறிக்கிற கூலிக்கே காணவில்லை. சிலர் பறித்த இலையை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். பல குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் தைக்க இறங்கின. தூளை வாங்கவே ஆள் இல்லை, துப்புவதற்கு எதற்குச் சம்பளம் என்று புரோக்கர் ஆபீசுக்கும் தோன்றிவிட்டது. உறிஞ்சியாரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பாக்கியம் அக்காவின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். ஓட்டை விழுந்த பனியனைப் பொறுக்கித் தனியே போடும் வேலை மாமாவுக்காகக் காத்திருந்தது. உறிஞ்சியாருக்கு அதில் இஷ்டமில்லை. பனியன் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. தண்ணீர்தான் காரணம்.

"அந்த உப்புத் தண்ணியில டீ போட்டா என்ற நாக்கு செத்துப் போயிருமுங்க தம்பி" என்றார் என்னிடம். மற்ற எதைச் சொன்னாலும் சிரிப்பு வரும் எனக்கு, இதற்கு வரவில்லை.

அப்போது நான் சந்தின் முனையில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நாலு கம்ப்யூட்டர், பனிக்காலத்தில் அவற்றில் இரண்டு உயிரோடு இருக்கும். வாடிக்கையாளர்கள் அதைவிடக் குறைவு. ஒருநாள் உறிஞ்சியார் ஒரு பத்திரிகைத் துண்டோடு உள்ளே வந்தார். வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் வலைப்பதிவு எழுதி டாலரில் சம்பாதிக்கும் ஒருவரைப் பற்றி அதில் போட்டிருந்தது. உட்காரச் சொல்லி, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். சர்ர்ர். டின். "இது டீ இல்லீங்க தம்பி. பிளாஸ்குல கெடந்து வெந்த தழை" என்றார். அன்றிலிருந்து தினமும் முதல் காரியமாக என் டீயை வாங்கி உறிஞ்சித் துப்பிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவார். நானும் ஒரு ரோஷத்தில் தினமும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அந்த முதல் நாளே அவர் பின்னாலேயே பாக்கியம் அக்கா வந்து கெடு வைத்துவிட்டுப் போனார். "பங்குனி முடியறதுக்குள்ள அந்தப் பொட்டி ஒரு செக்காச்சும் துப்போணும் தம்பி. இல்லீன்னா சித்திரை பொறந்ததும் திருப்பூர் பஸ்ஸுதான்."

'வாய்க்குள் ஒரு சுற்று' என்று பதிவுக்குப் பெயர் வைத்தார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, இலையை எப்படி வாட்டுவது, எப்படி நொறுக்குவது, எப்படி உலர்த்துவது என்று எழுதினார். படித்தவன் நான் ஒருவன்தான். நானும் முழுதாகப் படிக்கவில்லை. ஆனால் பக்கத்தின் அடியில் இருந்த வருகை எண்ணிக்கை மட்டும் தடதடவென்று ஏறியது. "நெம்பப் பேரு வாராங்க தம்பி" என்று பூரித்துப்போனார். எட்டிப் பார்த்தால், அதே பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து திறந்து அவரேதான் ஏற்றிக்கொண்டிருக்கிறார். நீங்களே பார்த்தால் கணக்கில் சேராது என்று விளக்கினேன். "ஏனுங்க, நானும் ஒரு ஆளுதானுங்களே" என்றார்.

இப்படி எழுதினால் ஈ கூட வராது, மனிதர்களைப் பற்றி எழுதுங்கள், தலைப்பு சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் தலைப்பு இப்படி வந்தது: 'சரோஜா டீச்சர் வீட்டில் நடந்தது என்ன? அதிர்ச்சித் தகவல்!' உள்ளே இரண்டே வரி. பால் அதிகம். ஒருமுறை கொதித்த தூளையே மறுபடி கொதிக்க விட்டிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் டீச்சர் என் சென்டருக்குள் முதன்முதலாகக் காலடி எடுத்துவைத்தார். கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டே படித்தார். என்னை ஐந்தாம் வகுப்பில் பார்த்த அதே பார்வையைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போனதும் டீச்சருக்கு ஆகாதவர்கள் வந்தார்கள். பிறகு ஆனவர்கள். பிறகு எதற்கு எல்லோரும் போகிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள். சென்டர் நிரம்பிவிட்டது. டொரண்டோவிலிருந்து ஒருவர், தான் டீச்சரின் பழைய மாணவன் என்றும், அந்த வீட்டில் சர்க்கரையும் எப்போதுமே குறைவுதான் என்றும், இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது என்றும் பின்னூட்டம் போட்டார்.

உறிஞ்சியாருக்குச் சூத்திரம் பிடிபட்டுவிட்டது. டின்னைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். மதிப்பெண்ணுக்குப் பதில் துப்பு: ஒரு துப்பு என்றால் பரவாயில்லை, மூன்று துப்பு என்றால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்காதீர்கள் என்று அர்த்தம். ரோட்டோரமெல்லாம் தேயிலை குவிந்து கிடந்த அந்தக் காலத்தில், இவர் தலை தெரிந்ததும் "டீத்தூள் தீந்துபோச்சுங்க" என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு சாவு வீட்டில் ஓசி டீயை உறிஞ்சிவிட்டு, 'போனவர் புண்ணியம் செய்தவர், இதைக் குடிக்காமல் தப்பித்தார்' என்று எழுதினார். அந்தப் பதிவுதான் மூன்று கண்டங்களில் பரவியது. செத்தவருடைய மகனே அச்செடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

எதிரி இருந்தால்தான் பதிவு ஓடும் என்று எங்கேயோ படித்துவிட்டு, அவரே 'தேயிலைப் புழு' என்ற பெயரில் வந்து தன்னைத் திட்ட ஆரம்பித்தார். காலையில் புழு திட்டும். சாயங்காலம் இவர் பதில் சொல்லுவார். புழுவுக்கு நகைச்சுவை நன்றாக வந்தது. கொஞ்ச நாளில் வாசகர்கள், புழு அண்ணன் தனியாக ஒரு பதிவு தொடங்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். உறிஞ்சியாருக்குச் சோறு இறங்கவில்லை. "அவனுக்கு என்னங்க தெரியும் டீயப் பத்தி?" என்று என்னிடம் பொருமினார். கடைசியில் பொறாமை தாங்காமல், மாரடைப்பில் புழு காலமானதாக ஒரு பதிவு போட்டுக் கதையை முடித்தார். அதுவரை வராத கூட்டம் அந்த இரங்கலுக்கு வந்தது. அருவங்காடு பாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் மாலையோடு என் சென்டருக்கே வந்து, பாடி எங்கே என்று கேட்டார்.

இவ்வளவு புகழுக்கும் வரும்படி? பதிவின் ஓரத்தில் விளம்பரம் வரும். படிக்கிறவர் அதை அமுக்கினால் இவர் கணக்கில் சில காசு சேரும். ஒரு தொகை சேர்ந்தால்தான் விளம்பரக் கம்பெனி செக் அனுப்பும். எங்கள் ஆட்கள் ஒரு வரி விடாமல் படித்தார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். விளம்பரத்தை மட்டும் ஒருவரும் அமுக்கவில்லை. அதில் தெரிந்ததும் காபி மெஷினும், பல் கறையை நீக்கும் பசையும்தான். ஊரிலேயே இவர் எழுத்தால் இணையத்தில் சம்பாதித்த ஒரே ஆள், மணிக்கணக்கில் வாடகை வாங்கிய நான்தான்.

பங்குனி தேய்ந்துகொண்டே வந்தது. செக்குக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. மனசு கேட்காமல் நானே ஒருநாள் காபி மெஷினை அமுக்கப் போனேன். உறிஞ்சியார் என் கையைப் பிடித்துவிட்டார்.

"நம்ம சரக்க நாமளே ஏலங் கேக்கலாமுங்களா தம்பி? தொழில் சுத்தம்னு ஒண்ணு இருக்குதுங்க."

அடுத்தவரிடம் அமுக்கச் சொல்லிக் கேட்பதும் கூடாது என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே நடந்தார். பாக்கியம் அக்கா துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தார். குழாயடியில் யாரோ காரணம் கேட்க, "இன்னும் கொஞ்சம் பேரு அந்த விளம்பரத்த அமுக்கியிருந்தா நாங்க இங்கியே இருந்திருப்பமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வரிசையில் சரோஜா டீச்சர் நின்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை உறிஞ்சியார் பாக்கியம் அக்காவோடு கோத்தகிரிப் பக்கம் ஒரு காதுகுத்து வீட்டு டீயை எழுதப் போயிருந்தார். நான் சென்டரைத் திறந்தால் வாசலில் சந்தே நிற்கிறது. பட்டுப்புடவை, வேட்டி, தலையில் பூ. மூன்று துப்பு வாங்கியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் டீச்சர். அண்ணன் மகளைப் பெண் பார்த்த நாளிலிருந்து உறிஞ்சியாரோடு பேச்சில்லாதவர். என்ன டீச்சர் என்றேன்.

"அவங்க ரெண்டு பேரும் நம்ம எல்லார் ஊட்டுக்கும் மொய் வெச்சிருக்காங்க. அவங்க ஊட்டுல ஒரு விசேஷம் நடந்து நாம திருப்பி வெக்கக் குடுத்து வெக்கல. இன்னிக்கு வெக்கறோம். எங்க அமுக்கோணும்னு காட்டு."

அவருக்குத் தெரிந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றேன். அதனால்தான் அவர் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறோம் என்றார் டீச்சர். ஐந்தாம் வகுப்பில் இவரை எதிர்த்துப் பேசியவன் எவனும் உருப்பட்டதில்லை. காட்டினேன்.

மொய் என்றால் சும்மாவா? படியில் வடையும் டீயும் வந்துவிட்டது. மைக்செட் மணி ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டான். மவுசுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, டீச்சர் கண்ணை மூடிக் கும்பிட்டு அமுக்கினார். "எதிர்வீடு சரோஜா டீச்சர், காபி மெஷின் ரெண்டு, பல் பசை ஒண்ணு" என்று சந்து முழுக்க முழங்கினான் மணி. அன்றைக்கு மாலையோடு வந்த அருவங்காட்டுக்காரர் மறைந்த புழுவின் சார்பில் தனியாக ஒரு அமுக்கு வைத்தார். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இங்கே கொழுந்து பறிக்கும் ராக்காயி மட்டும், அமுக்கிவிட்டுச் சந்தேகத்தோடு நின்றது. தோட்டத்தில் ஒருநாள் கூலியை 'பேர்' என்பார்கள். "முழுப் பேரு விழுந்துச்சா தம்பி, இல்ல அரைப் பேருதானா?" என்று கேட்டது. முழுப் பேர்தான் என்றேன். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று அமுக்கிவிட்டுப் போனது. சாயங்காலம் வரை மவுசு ஆறவேயில்லை.

மறுநாள் உறிஞ்சியார் கணக்கைத் திறந்தார். தொகை தாண்டியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எல்லாம் வாசகர்கள் அமுக்கியதுதான் அண்ணா என்றேன். "நல்ல எழுத்துன்னா ஒருநாள் தெரியாமயா போயிரும்" என்றார். அன்றைக்கும் என் டீயைத் துப்பினார், ஆனால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துப்பினார். பாக்கியம் அக்கா மூட்டையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினார்.

வாரக் கடைசியில் கம்பெனியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது. ஒரே இடத்திலிருந்து, ஒரே நாளில், முறைகேடாக அமுக்கியிருக்கிறார்கள். கணக்கு மூடப்பட்டது. பணம் கிடையாது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. மொய் என்றால் என்ன, பிள்ளையில்லாத வீட்டுக்கு அது எப்படித் திரும்ப வராது, இது எங்கள் மரியாதை, மோசடி கிடையாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டி ஒரு பதில் எழுதினேன். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. உங்கள் முறையீட்டைக் கவனமாகப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. எவன் பரிசீலித்தானோ, அவன் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகாமல் இருக்கக் கடவது.

உறிஞ்சியாரிடம் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"மொய்யுங்களா?"

"ஆமாங்கண்ணா."

"டீச்சருமா?"

"டீச்சர்தாங்கண்ணா மொதல்ல."

கோப்பை எதுவும் இல்லாமலே காற்றை மெல்ல உறிஞ்சினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, இது சந்துல ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுங்க. ஆசையா மொய் வெச்சவங்க. அதுனாலதான் கெட்டுச்சுன்னு தெரிஞ்சா அவங்களுக்குச் சோறு எறங்காதுங்க."

பெண் பார்க்க வந்த சபையிலேயே தூள் பழசு என்று சொன்ன மனிதர் அவர். டீ விஷயத்தில் சாவு வீட்டுக்குக்கூட ஒரு பொய் சொல்லாதவர். அன்று சந்து முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டு போனார். செக் வந்துவிட்டதாம். பதிவு பெரிதாகிவிட்டதாம். திருப்பூரில் மச்சினன் இவருக்கென்று கம்ப்யூட்டர் வைத்து ஆபீஸ் போட்டுத் தருகிறானாம், மறுக்க முடியவில்லையாம். சந்தே பூரித்துப்போயிற்று. நம்ம அமுக்குக்கு இவ்வளவு பலமா என்று ராக்காயி தன் ஆட்காட்டி விரலையே பார்த்துக்கொண்டது.

சித்திரை பிறந்து அவர்கள் கிளம்பிய காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வீட்டுக்கு வீடு டீ கொண்டுவந்துவிட்டார்கள். கதவைச் சாத்தியவர்கள் எல்லோரும் தூக்குப் போசியில் ஆவி பறக்க நின்றார்கள். உறிஞ்சியார் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கினார். சத்தமே இல்லாமல் குடித்தார். எதையும் துப்பவில்லை. டின் மடியில் காலியாகவே இருந்தது. சரோஜா டீச்சர் டம்ளரை நீட்டினார். அதையும் கடைசிச் சொட்டுவரை முழுங்கிவிட்டு, "பிரமாதமுங்க டீச்சர்" என்றார். டீச்சர் முகம் மலர்ந்துபோய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பக்கத்து சீட்டில் பாக்கியம் அக்கா மடியிலிருந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக நான் பிளாஸ்கைத் திறந்து ஊற்றிக் கொடுத்தேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி 'சர்ர்ர்' என்று உறிஞ்சினார். கன்னத்தை இந்தப் பக்கம் உப்பி, அந்தப் பக்கம் உப்பி, டின்னில் துப்பினார்.

"இன்னும் திருந்தலீங்க தம்பி நீங்க. பிளாஸ்குல வெக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

ஊரார் டீயையெல்லாம் முழுங்கியவர் என் டீயை மட்டும் துப்பினார். என்னிடம் அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு மரியாதை எனக்கு மட்டும்தான் கிடைத்தது.

சென்டர் மூடி வெகுகாலமாகிவிட்டது. பிளாஸ்கை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன். யார் வந்தாலும் புதிதாகத் தண்ணீர் கொதிக்கவைத்துத்தான் டீ போடுகிறேன். நன்றாயிருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் வந்து ஒருமுறை துப்பிவிட்டுப் போகாமல் எனக்கு எப்படித் தெரியும்?